இணையத்தில் விஞ்ஞானம் இலவசம், வழிகாட்டத்தான் ஆளில்லை

போன மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி கீழே இருக்கும் ஒரு தாயும் மகளும் கதவைத் தட்டினார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒரு வருசம்தான் ஆகிறது. தாய் ஊரில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். இங்கே ஒரு உணவுப் பொதி செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. மகள் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு 'ஏ' எடுத்து வந்தவள். இங்கே 11ஆம் வகுப்பு.

பிள்ளையின் கையில் உயிரியல் சோதனைத் தாள். 52 புள்ளி. அதோடு சேர்த்து, பல்கலைக்கழகப் பிரிவுக்குரிய உயிரியலை விட்டுவிட்டு கல்லூரிப் பிரிவுக்குரிய பாடத்துக்கு மாறினால் பிள்ளைக்கு 'இலகுவாக' இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ அன்பாகச் சொல்லியும் விட்டிருக்கிறார்கள்.

"அண்ணை, மாத்தினால் பிறகு நேர்சிங் படிக்கேலாதாம் எண்டு இன்னொரு ஆள் சொல்லுது. உண்மையே?" என்று தாய் கேட்டார்.

உண்மைதான். ஒன்ராறியோவில் 12ஆம் வகுப்பு உயிரியலை எடுப்பதற்கு 11ஆம் வகுப்பின் பல்கலைக்கழகப் பிரிவு உயிரியல் முன்தேவை. அந்த 12ஆம் வகுப்பு உயிரியல் இல்லாமல் தாதியியல், மருத்துவ விஞ்ஞானம் என்று பல பட்டப்படிப்புகளின் வாசலுக்கே போக முடியாது. 16 வயதில் ஒரு படிவத்தில் போடும் ஒரு கோடு, 26 வயதில் அந்தப் பிள்ளை எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானித்து விடுகிறது.

நான் தாளைப் புரட்டினேன். ஒடுக்கற்பிரிவு பற்றிய கேள்வியில் ஒரு எழுத்தும் இல்லை. "ஏன் பிள்ளை, இது ஊரில படிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"எது மாமா?"

"ஒடுக்கற்பிரிவு. நிறமூர்த்தங்கள் பாதியாகிறது."

பிள்ளை என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். "இது ஒடுக்கற்பிரிவா? மியோசிஸ் எண்டால் அதா?"

அடுத்த ஐந்து நிமிசத்தில் அவள் அதே விடையைத் தமிழில், படம் கீறி, நிலை நிலையாகச் சொல்லி முடித்தாள். தாய் பேசவில்லை. தன் வாழ்நாளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைக் கரும்பலகையில் கீறிய மனுசி அவர். தன் சொந்தப் பிள்ளைக்கு உதவ முடியாதென்று நினைத்து ஒரு வருசமாகச் சமையலறையில் வாய் மூடி இருந்திருக்கிறார்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த மௌனம்தான்.

அறிவு இருக்கிறது, பாலம் இல்லை

எங்கள் சமூகத்தில் பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் புள்ளி குறைந்தால் முதலில் செய்வது என்ன? பிளாசாவில் இருக்கும் ரியூசன் நிலையத்துக்குப் போன் எடுப்பதுதான். ரியூசன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே ஒரு காலத்தில் ரியூசனால் சோறு சாப்பிட்டவன். ஆனால் இரண்டு வேலை செய்து கட்டும் காசு எதற்குப் போகிறது என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். பல இடங்களில் பிள்ளைக்குக் கிடைப்பது போன வருசத்துச் சோதனைத் தாளின் நகலும் ஒரு மணித்தியால மேற்பார்வையும்தான். அதைவிட நல்ல பொருள், காசே இல்லாமல், இணையத்தில் குவிந்து கிடக்கிறது. கிடப்பதும் தெரியாது, எதை எடுப்பது என்றும் தெரியாது. அதுதான் எங்கள் சிக்கல்.

எனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'ஓப்பன்ஸ்டாக்ஸ்' திட்டம் 2012 முதல் முழுப் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. அதன் உயிரியல் நூல் முதலாம் ஆண்டு பல்கலைக்கழக மட்டத்துக்கானது. ஆனாலும் எங்கள் 12ஆம் வகுப்புப் பிள்ளை உயிர் இரசாயனவியல், அனுசேபம், மூலக்கூற்றுப் பிறப்புரிமையியல், ஒருசீர்த்திடநிலை, குடித்தொகை இயக்கம் என்று படிக்கும் ஐந்து அலகுகளுக்கும் அதில் அத்தியாயம் உண்டு. மூலத்தைக் குறிப்பிட்டால் மொழிபெயர்க்கவும் அதன் உரிமம் அனுமதிக்கிறது. இந்த வசனத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் கார்ல் வீமன் தொடக்கியது 'ஃபெட்'. பௌதிகவியலில் 2001இல் நோபல் பரிசு பெற்றவர், அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எப்படி விளங்கும் என்பதில் இறங்கினார் என்பதே ஒரு பாடம். அதில் இயற்கைத் தேர்வு பற்றிய ஒரு செயற்பாடு இருக்கிறது. வெள்ளை முயலும் மண்ணிற முயலும் திரையில் ஓடும். நீங்கள் ஓநாயை அவிழ்த்து விடலாம், பனிநிலமா வெயில்நிலமா என்று மாற்றலாம். சில தலைமுறைக்குள் எந்த நிற முயல் மிஞ்சுகிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். 'கூர்ப்பு' என்று நாங்கள் பாடமாக்கிய சொல்லுக்கு உயிர் வரும் இடம் அது. ஃபெட்டில் உள்ள செயற்பாடுகள் பல தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றைத் தமிழாக்குவது சம்பளம் வாங்குபவர்கள் அல்ல, தன்னார்வலர்கள்.

ஹொவார்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் 'பயோஇன்ரறாக்ரிவ்' பக்கத்தில் சிறு ஆவணப்படங்கள் உண்டு. அரிவாள்வடிவக் கலச் சோகையைத் தரும் அதே பரம்பரையலகு, ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவில் இருந்து எப்படிப் பாதுகாக்கிறது என்று ஒரு படம் காட்டும். மலேரியா என்ற பெயரைக் கேட்டே வளர்ந்த எங்கள் தலைமுறையும் பிள்ளையோடு இருந்து பார்க்கலாம்.

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் தமிழிலேயே, முழுதாக, இலவசமாகத் தரவிறக்கலாம். கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளம் மும்மொழியிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கும். கைப்பேசியைக் காட்டினால் பாடக் காணொளி வரும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களையும் ரொறன்ரோவில் இருந்தே பார்க்கலாம்.

மொத்தத்தில், ஆங்கிலத்திலும் நிறைய இருக்கிறது, தமிழிலும் ஓரளவு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் பாலம் இல்லை.

ஒரே கலம், மூன்று பெயர்

அந்தப் பாலத்தைப் போடுவது ஏன் கஷ்டம் என்பதற்கு ஒரு உள்வீட்டுக் காரணமும் உண்டு. எங்களுக்கு 'கலம்', தமிழ்நாட்டில் 'செல்'. நாங்கள் 'இழைமணி' என்றோம், அவர்கள் 'மைட்டோகாண்ட்ரியா' என்றே எழுதுகிறார்கள். எங்கள் 'ஒளித்தொகுப்பு' அங்கே 'ஒளிச்சேர்க்கை'. 'பிரசாரணம்' அங்கே 'சவ்வூடு பரவல்'. 'நிறமூர்த்தம்' அங்கே 'குரோமோசோம்'. 'கூர்ப்பு' அங்கே 'பரிணாமம்'. 'ஒட்சிசன்' அங்கே 'ஆக்சிஜன்'.

யாழ்ப்பாணத்தில் படித்த தாய் தமிழ்நாட்டுக் காணொளியைப் போட்டால் அரைவாசிச் சொல் புதிது. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைக்கு இரண்டும் புதிது. இதற்குள் தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பினால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை ஒரு காணொளியின் கீழே ஓடிய தமிழ் வரியில், உயிர்க்கலத்தைக் குறிக்கும் 'செல்' என்ற சொல் 'சிறை அறை' என்று வந்தது. அந்தக் கணக்குப்படி எங்கள் உடம்பு முழுக்கச் சிறைச்சாலைதான்! சிரிக்கலாம், ஆனால் இப்படி வந்ததை அப்படியே கொப்பியில் எழுதிய பிள்ளையையும் கண்டிருக்கிறேன்.

எந்தச் சொல் சரி என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை. அந்தச் சண்டையை நாங்கள் பல வருசம் பிடித்தாயிற்று. பிள்ளைக்குத் தேவை தீர்ப்பு இல்லை, அட்டவணை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் செய்தது அதைத்தான். ஒரு பெரிய கொப்பி. மூன்று நிரல். முதலாவதில் இங்கே வகுப்பில் சொல்லும் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் ஈழத்துப் பாடநூல் சொல், மூன்றாவதில் தமிழ்நாட்டுச் சொல். நூலகத்தில் ஒரு மேசை பிடித்து, ஒரு கணினியில் இலங்கைச் சாதாரண தரப் பாடநூலையும் மற்றதில் ஆங்கில நூலையும் பக்கத்துக்குப் பக்கம் திறந்து வைத்தோம். தாய் விளங்கப்படுத்துவார் தமிழில். மகள் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுவாள். நான் நடுவில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வருவேன். உண்மையைச் சொன்னால் என்னுடைய பங்கு அவ்வளவுதான்.

ஒன்ராறியோப் பாடத்திட்டமே, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவருக்கு இருமொழி அகராதி, எளிய பாடப்பொருள், மேலதிக நேரம் போன்றவற்றைக் கொடுக்கலாம் என்று சொல்கிறது. அதைத் தாய் தகப்பன் கேட்டால்தான் நடக்கும். தாய் கேட்டார். தன் உடைந்த ஆங்கிலத்தில், அந்தக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். பிள்ளை பாடத்தை மாற்றவில்லை. அடுத்த சோதனையில் 71. அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் வாசல் மூடப்படவில்லை.

ஏன் தமிழில் என்று கேட்பவர்களுக்கு

"சோதனை இங்கிலீசில, வேலை இங்கிலீசில. பிறகென்னத்துக்குத் தமிழில விஞ்ஞானம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சோதனைக்காகத் தமிழ்ச் சொல் தேவையில்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் விஞ்ஞானம் சோதனைக்கு மட்டும் உரியதா?

12ஆம் வகுப்பில் ஒருசீர்த்திடநிலை அலகில் இன்சுலின் படிப்பிப்பார்கள். எங்கள் வீடுகளில் அப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ சலரோகம் இல்லாத வீடு எத்தனை? தெற்காசியருக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது இங்குள்ள எல்லா வைத்தியரும் சொல்வது. பிள்ளை மேல்மாடியில் இருந்து சதையியில் இன்சுலின் சுரக்கும் விதத்தைப் பாடமாக்குகிறது. கீழே தகப்பன் "இண்டைக்கு மருந்து போட்டனான்தானே" என்று இன்னொரு கோப்பை சோறு போடுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு படிக்கட்டுத்தான். ஆனால் ஒரே சொல் இல்லாததால் அந்த அறிவு கீழே இறங்கவே இல்லை. கொவிட் காலத்தில் வட்ஸ்அப்பில் சுற்றிய கசாய மருத்துவத்தையும் தடுப்பூசி வதந்தியையும் நம்பினவர்கள் பலர், வீட்டிலேயே உயிரியல் படிக்கும் பிள்ளையை வைத்திருந்தவர்கள்தான்.

இன்சுலின் என்று சொன்னதும் இந்த நகரத்தைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். அது கண்டுபிடிக்கப்பட்டது எங்கேயோ அல்ல. 1921இல் இதே ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில். பான்டிங், பெஸ்ட், கொலிப், மக்லியொட் என்ற நால்வரின் பெயரோடு சேர்ந்த கதை. 1922 ஜனவரியில் ரொறன்ரோ பொது மருத்துவமனையில் 14 வயதுப் பையன் லெனர்ட் தொம்சனுக்கு முதன்முதலில் ஏற்றினார்கள். அடுத்த வருசம் பான்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் நோபல் பரிசு. காப்புரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டொலர் விலைக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்து ஆய்வுக் கொப்பிகள், கடிதங்கள், மருத்துவ ஆவணங்களைப் பல்கலைக்கழகத்தின் தொமஸ் ஃபிஷர் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி, பான்டிங்கின் சிகிச்சையில் தேறி வரும்போது தன் தாய்க்கு எழுதிய கடிதங்களையும் வாசிக்கலாம். பட்டினி கிடந்து எலும்பாக வந்த பிள்ளை, இன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று தாய்க்கு எழுதுகிறாள். எந்தப் பாடநூலை விடவும் அது இன்சுலினை விளங்கப்படுத்தும். எங்கள் வீட்டில் இருந்து பஸ்ஸும் ரயிலும் எடுத்துப் போகும் தூரத்தில் நடந்த கதை. எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழில் விஞ்ஞானம் என்பது புதுசாக முளைத்த ஆசையும் இல்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் ஊரில் நின்று வைத்தியம் செய்வார்கள் என்பது அவருடைய எண்ணம். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று புத்தகம் புத்தகமாகத் தமிழில் கொண்டுவந்தார். கணினி இல்லை. தன் மாணவர்களோடு மேசையைச் சுற்றி இருந்து சொல்லுச் சொல்லாகத் தேடின மனுசன். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, கையில் உலகத்தையே வைத்திருக்கும் நாங்கள் "தமிழில் ஏலாது" என்கிறோம்.

திரை போதுமா?

இணையத்தைப் புகழ்ந்துகொண்டே போனால் ஒரு தவறு நடக்கும். அதிகாரத்தில் இருப்பவர்கள் "எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே" என்று கையை விரித்து விடுவார்கள்.

1969இல் டொன் மில்சில் திறந்த ஒன்ராறியோ விஞ்ஞான நிலையத்தை மறக்க முடியுமா? வந்த புதிதில் காசு மிச்சம் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன இடம். மின்னேற்றப் பந்தில் கை வைத்த பிள்ளையின் தலைமயிர் எழும்பி நிற்பதைப் பார்த்துச் சிரிக்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. 2024 ஜூன் 21ஆம் திகதி, கூரைப் பலகைகள் பாதுகாப்பில்லை என்று சொல்லி மாகாண அரசாங்கம் அதை அன்றைக்கே இழுத்து மூடியது. புதிய நிலையம் ஒன்ராறியோ பிளேசில், ஏரிக்கரையில் வரும் என்கிறார்கள். அதுவரைக்கும் ஃபிளெமிங்டன் பார்க், தோர்ன்கிளிஃப், ஸ்காபரோப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்த அந்த இடம் இல்லை. காணொளியில் பார்த்த மின்னேற்றம் தலைமயிரை எழுப்பாது.

இணையமும் நிரந்தரம் இல்லை. 2023 ஒக்ரோபரில் ரொறன்ரோ பொது நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலால் அதன் தளமும் கணினிகளும் மாதக்கணக்கில் முடங்கின. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள், புதிதாக வந்த குடும்பங்கள்தான் அதில் கூட அடிபட்டவர்கள். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்களை இழந்த சனத்துக்கு, அறிவை ஒரு இடத்தில் மட்டும் வைத்திருக்கக்கூடாது என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

அதனால்தான் நான் சொல்வது, திரையைத் தொடக்கமாக வையுங்கள், முடிவாக வைக்காதீர்கள். 'ஐநச்சுரலிஸ்ட்' என்ற இலவசச் செயலி ஒன்று இருக்கிறது. செடியையோ பூச்சியையோ படம் பிடித்தால் அது என்னவென்று ஊகம் சொல்லும். பிறகு அறிந்தவர்கள் சரிபார்ப்பார்கள். கோடையில் எங்கள் மாமியார் நடைபாதை வெடிப்பில் முளைத்திருந்த ஒன்றைக் காட்டி, "உது பருப்புக்கீரையெல்லோ! இஞ்சையும் இருக்கே!" என்றார். பேரன் நம்பவில்லை. படம் பிடித்தான். 'போர்ட்டுலாக்கா ஒலெரேசியா' என்று வந்தது. தேடிப் பார்த்தால் அம்மம்மா சொன்ன அதே பருப்புக்கீரைதான். அதோடு இன்னொரு விசயமும் தெரிய வந்தது. அந்தக் கீரை ஒளித்தொகுப்பில் ஒரு விசித்திரப் பிறவி. வழமையாக 'சி4' முறையில் உணவு தயாரிக்கும். தண்ணீர் தட்டுப்பட்டால் கள்ளிச்செடிகள் போல இரவில் காபனீரொட்சைட்டைச் சேமிக்கும் 'காம்' முறைக்கும் போகும். 12ஆம் வகுப்பு அனுசேப அலகு, எங்கள் வாசற்படியில் முளைத்து நின்றது. ரூஜ் தேசிய நகரப் பூங்கா எங்கள் வீட்டுக்குப் பின்னாலே இருக்கிறது. பார்பிகியூ போடுவதற்கு மட்டும் அங்கே போகாமல் ஒரு மணித்தியாலம் இப்படி நடக்கலாம்.

செய்ய வேண்டியது என்ன?

தமிழ் இணையத்தின் வரலாற்றைப் பாருங்கள். 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கி, சங்க இலக்கியம் முதல் பாரதி வரை இணையத்தில் ஏற வழி செய்தவர் கு. கல்யாணசுந்தரம். சுவிற்சர்லாந்தில் இருந்த அவர் தொழிலால் ஒரு இரசாயனவியலாளர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் போட்ட இ. மயூரநாதன் கட்டடக்கலைஞர், 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது இந்த நகரத்தில் இருக்கும் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம்தான். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிமத் திட்டத்தில் எழுபதுகளின் 'ஊற்று' போன்ற அறிவியல் சஞ்சிகைகளையும் வாசிக்கலாம். இவ்வளவையும் செய்தது அரசாங்கம் இல்லை. பின்னேரத்தில், வார இறுதியில், தங்கள் நேரத்தைக் கொடுத்த ஆட்கள். விஞ்ஞானம் படித்தவர்கள் இலக்கியத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். இனி விஞ்ஞானத்துக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும்.

எங்கள் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவில் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் வருசத்தில் ஒரு இரவு விருந்து. ஊர்ப் பள்ளிக்கு வளைவு கட்டக் காசு அனுப்புகிறோம், நல்லது. அந்தக் காசில் ஒரு சிறு பங்கை, ஒன்ராறியோ உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் பாட அலகுகளுக்கு மூன்று நிரல் சொல்லட்டவணை ஒன்று தயாரிக்கக் கொடுங்கள். அதைத் தமிழ் விக்சனரியில் எல்லாருக்கும் பொதுவாகப் போடலாம். ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களை மொழிபெயர்க்க உரிமம் இருக்கிறது என்று முன்னே சொன்னேன். முழு நூல் வேண்டாம், ஒரு சங்கம் ஒரு அத்தியாயம் எடுத்தாலே போதும். ஃபெட்டின் செயற்பாட்டைத் தமிழாக்க ஒரு பின்னேரம் போதும். இதே பொருள் கிளிநொச்சியில் ஆய்வுகூடம் இல்லாத பள்ளிப் பிள்ளைக்கும் உதவும், ஸ்காபரோப் பிள்ளைக்கும் உதவும். வளைவு ஒரு ஊருக்கு. இது எல்லா ஊருக்கும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் நடத்துவோருக்கும் ஒன்று. திருக்குறளும் கட்டுரையும் இருக்கட்டும். மாதத்தில் ஒரு மணித்தியாலம், பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு விஞ்ஞான விசயத்தைத் தமிழில் அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். தமிழும் வளரும், விஞ்ஞானமும் விளங்கும், அம்மம்மாவின் மருந்துப் பெட்டிக்கும் பாதுகாப்பு.

பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான். "எனக்கு இங்கிலீஸ் தெரியாது, நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது" என்று ஒதுங்காதீர்கள். ஊரில் நீங்கள் படித்த விஞ்ஞானம் இங்கே செல்லாக்காசு இல்லை. கலம் எந்த நாட்டிலும் கலம்தான். பிள்ளை திரையில் பார்த்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு விடையை அப்படியே எழுதும் காலம் இது. எழுதினது விளங்கியிருக்கிறதா என்று அறிய, அதை இன்னொரு மொழியில் சொல்லச் சொல்வதை விட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளை இப்போது 12ஆம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கிறாள். கொப்பி இரண்டாவது கொப்பியாகி விட்டது. போன கிழமை மின்தூக்கியில் தாயைக் கண்டேன். இரவு வேலை முடிந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"அண்ணை, நேற்று மகள் தன்ர சிநேகிதப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தவள். அவளுக்கும் பிரசாரணம் விளங்கேல்லையாம். நான்தான் உருளைக்கிழங்கை வெட்டி உப்புத்தண்ணிக்குள்ள போட்டுக் காட்டினனான்" என்றார்.

பல மாதங்களுக்குப் பிறகு அவர் மறுபடியும் படிப்பித்திருக்கிறார். இப்படி வாய் மூடி இருக்கும் ஆசிரியர்கள் இந்த நகரத்துக் கட்டடங்களில் இன்னும் எத்தனை பேர்? இரண்டு மாடி இறங்கிக் கதவைத் தட்டிப் பாருங்கள்.